இடுப்பில் குழந்தை, கையில் படிவம்

சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கென்று தனியாக ஒரு கடிகாரம் உண்டு. ஊர்க் கடிகாரம் காலை ஆறு மணி என்று காட்டும்போது அந்த வீட்டில் விடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு முறை பால் கொடுத்தாகிவிட்டது. இரண்டு முறை துணி மாற்றியாகிவிட்டது. தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்து, தொட்டிலில் இட்ட மாத்திரத்தில் மலர விழித்துக்கொண்ட கண்களைப் பார்த்து ஒரு பெருமூச்சும் விட்டாகிவிட்டது. மூத்ததற்கு மூன்று வயது, இளையதற்கு ஏழு மாதம் என்றிருந்தால் வேலை இரட்டிப்பதோடு நிற்பதில்லை. ஒன்று தூங்கும்போது மற்றொன்று விழித்திருக்கும். இரண்டும் ஒருசேரத் தூங்கும் அந்த அபூர்வமான இருபது நிமிடங்களில் குளிப்பதா, உண்பதா, தானும் சற்றுக் கண்ணயர்வதா என்று தாய் தீர்மானிப்பதற்குள் இருபது நிமிடங்களும் கழிந்துவிடும்.

தாய்மையைத் தெய்வமென்று போற்றுவதில் நம் நாட்டில் என்றுமே குறைவிருந்ததில்லை. அப்பணியைக் கவிஞர்களிடமும் மேடைப் பேச்சாளர்களிடமும் விட்டுவிட்டு, சிறு குழந்தைகளை வளர்க்கும் அன்னையரின் நாள் எவ்வாறு கழிகிறது, அதில் எவை துணை நிற்கின்றன, எவை இன்னும் தடையாக நிற்கின்றன என்பதை நாம் இங்கே பார்ப்போம். இடையிடையே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் இன்பங்களையும் விட்டுவிட மாட்டோம்.

நிமிடக் கணக்கு

இல்லத்துப் பெண்டிரின் நேரம் எங்கே செல்கிறது என்பதை அரசே கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சமைத்தல், துவைத்தல், துப்புரவு செய்தல் போன்ற ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காட்டினர், ஆண்கள் 26.1 விழுக்காட்டினர். ஈடுபட்டவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டாலும், பெண் ஒருவர் இப்பணிகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண் ஒருவர் 97 நிமிடங்களையும் செலவிட்டிருந்தனர். குழந்தைகளையும் முதியோரையும் நோயுற்றோரையும் பேணும் பணியில் இது முறையே 134 நிமிடங்கள், 76 நிமிடங்கள். மீண்டும் 2024இல் எடுத்தபோது வீட்டுப் பணிகளில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகவும் ஆண்களின் நேரம் 88 நிமிடங்களாகவும் குறைந்திருந்தன. பேணும் பணியில் 137, 75 என்று ஏறத்தாழ முன்பிருந்தபடியே இருந்தன. ஐந்தாண்டுகளில் பெண்ணிடமிருந்து கழிந்த பத்து நிமிடங்கள் ஆணிடம் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் இவ்வெண்களிலிருந்து தெளிவாகிறது.

இவ்வளவு நுணுக்கமான கணக்கெடுப்பிலும் முழுதாக அடங்காத வேலை ஒன்றுண்டு. அது காதின் வேலை. தாய் அடுப்படியில் நிற்கலாம், அலுவலகத் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். காது மட்டும் அடுத்த அறையில் இருக்கும். அழுகைக்கும் கூச்சலுக்கும் அவள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. சத்தம் திடீரென்று நின்றுவிட்டால்தான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். சத்தமில்லாத குழந்தை சுவரில் எழுதிக்கொண்டிருக்கும். அல்லது தந்தையின் சாவிக்கொத்தை அரிசி டப்பாவுக்குள் ஆழமாகப் புதைத்துக்கொண்டிருக்கும்.

முதல் கவளம்

குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டும் நாளை நம் நாட்டில் கொண்டாடாத பகுதி அரிது. வங்காளத்தில் இதற்கு ‘முகே பாத்’ என்று பெயர். வாயில் சோறு என்று பொருள். தாய்மாமன் மடியில் இருத்திப் பாயசம் ஊட்டுவார். அதன் பின் ஒரு தட்டில் மண், புத்தகம், எழுதுகோல், பணம் ஆகியவற்றை வைத்துக் குழந்தையின் முன் நீட்டுவார்கள். குழந்தை எதைத் தொடுகிறதோ அதைக் கொண்டு அதன் வருங்காலத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். மண்ணைத் தொட்டால் நிலபுலன், புத்தகத்தைத் தொட்டால் கல்வி. (பணத்தைத் தொடும் குழந்தைகளில் எத்தனை பேர் பின்னாளில் வங்கிப் பணிக்கு வந்தனர் என்று எவரேனும் ஆராயலாம்.) கேரளத்தில் ‘சோறூண்’ என்று அழைத்து, குருவாயூர் போன்ற கோயில்களில் நடத்துவார்கள். தமிழகத்திலும் குலதெய்வத்தின் முன் முதல் கவளம் ஊட்டும் குடும்பங்கள் பல.

இச்சடங்கு பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி நடைபெறுகிறது. பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம்; அதன் பின் மசித்த உணவைத் தொடங்கி, இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும். பழைய வழக்கமும் புதிய மருத்துவமும் ஒன்றையே சொல்லும்போது பாட்டிக்கும் மருத்துவருக்கும் நடுவில் நின்று தவிக்க வேண்டிய தொல்லை இளந்தாய்க்கு இல்லை. தேன் விஷயத்தில் மட்டும் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. தேனில் சில வேளைகளில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கக்கூடும் என்பதால், ஓராண்டு நிறையும் வரை தேன் கூடாது. இதில் மருத்துவர் பக்கம் நிற்பதே நன்று. பாட்டியிடம் அதைப் பணிவாகச் சொல்லிவிடலாம்.

சடங்கு ஒரு நாளில் முடிந்துவிடும். ஊட்டுவது நாள்தோறும் மூன்று வேளை. நேற்று வாய் நிறைய வாங்கிக்கொண்ட பூசணிக்காயை இன்று துப்பும். பருப்புச் சோற்றுக் கிண்ணத்தை ஏந்திய தாய் காகத்தைக் காட்டுவாள். காகம் பறந்துவிட்டால் கீழே செல்லும் ஆட்டோவைக் காட்டுவாள். மாடிக் குடியிருப்பானால் லிஃப்ட்டின் சிவப்பு விளக்கையும் காட்டுவாள். முக்கால் மணி நேரத்தில் பாதிக் கிண்ணம் உள்ளே போயிருக்கும். மீதி சட்டையிலும் தலைமயிரிலும் இருக்கும். பொறுமை அறுந்துபோகும் அந்த வேளையில்தான் குழந்தை தானே ஒரு பிடிச் சோற்றை எடுத்து, தன் வாய்க்குப் போகும் வழியில் சற்று யோசித்து, அம்மாவின் வாயில் திணிக்கும். அது பாதி மென்ற சோறு. அதை வேண்டாமென்று சொன்ன தாய் ஒருத்தியை நாம் இதுவரை கண்டதில்லை.

இரவில் வரும் நோய்

குழந்தைகளின் நோய்க்கும் இரவுக்கும் என்ன உடன்படிக்கையோ, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மருந்துக்கடைகள் அடைத்த பின்புதான் வந்து கதவைத் தட்டுகின்றன. அவ்வகை இரவுகளில் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டிய ஒரு பொருள் வாய்வழி நீரேற்றக் கரைசலுக்கான பொடி. ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். சில ரூபாய்களே விலையுள்ள அச்சிறு உறையின் வரலாற்றில் தாய்மாருக்கும் ஓர் இடமுண்டு.

வங்கதேச விடுதலைப் போர் நடந்த 1971ஆம் ஆண்டில், மேற்கு வங்கத்தின் எல்லையிலுள்ள பன்காவ் என்னும் ஊரின் அகதி முகாம்களில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் உப்புநீர் போதவில்லை. செலுத்தப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் சேர்த்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளுக்கு அதைக் குவளை குவளையாகப் புகட்டும் பொறுப்பை அவர்களுடைய உறவினரிடமே ஒப்படைத்தார். முகாமில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மடிந்துகொண்டிருந்த நிலை மாறி, அவருடைய பராமரிப்பில் இருந்தோரின் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. மருத்துவப் பட்டம் இல்லாத கைகளும் இவ்வைத்தியத்தைச் செய்யக்கூடும் என்பது அங்கே மெய்யாயிற்று. அவர் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது.

உறையின் மேல் குறித்துள்ள அளவு நீரில், கூட்டாமலும் குறைக்காமலும், பொடி முழுவதையும் கரைக்க வேண்டும். கரண்டி கரண்டியாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. மருத்துவர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்றுவிட்ட பிறகும் பதினான்கு நாள்களுக்குத் தர வேண்டும். பல வீடுகளில் மூன்றாம் நாளே அது மறக்கப்பட்டுவிடுகிறது. கண்கள் உள்வாங்கியிருந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.

குழந்தையின் உடல்நிலையை விசாரிக்காத உறவினர் இல்லை. தாயின் மனநிலையை விசாரிப்பவர் குறைவு. பிரசவத்துக்குப் பிந்தைய முதற்சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவதும் எரிச்சல் மூள்வதும் பலருக்கு நேர்வதே. இரண்டு வாரங்களில் பெரும்பாலும் அது தானாகவே தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றோ தான் எதற்கும் தகுதியற்றவள் என்றோ எண்ணங்கள் வந்தால், அது சிகிச்சையால் குணமாகும் நோய். ‘இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமையில்லை’ என்று சொல்லிக் கடந்துவிடும் குடும்பத்தார், காய்ச்சல் கண்ட ஒருவரிடம் அவ்வாறு சொல்வார்களா என்று எண்ணிப் பார்க்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

நூற்று எண்பத்து மூன்றாம் நாள்

மகப்பேறு நலச் சட்டம் 1961இல் பிறந்தது. நெடுங்காலம் 12 வாரங்களாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு, 2017ஆம் ஆண்டின் திருத்தத்தால் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்ந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் அத்திருத்தம் சேர்த்தது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரை, பாலூட்டுவதற்கென்று நாளில் இரண்டு இடைவேளைகள் முன்பே உண்டு.

இருபத்தாறு வாரம் என்பது 182 நாள்கள். நூற்று எண்பத்து மூன்றாம் நாள் காலையில் வாசற்படியில் நடப்பதை அறிந்தவர் அறிவர். பாட்டியின் இடுப்பிலோ ஆயாவின் இடுப்பிலோ இருக்கும் குழந்தை அன்று அழாமல் இருந்துவிட்டால், அழுதிருக்கலாமே என்று தாய்க்குத் தோன்றும். அழுதுவிட்டாலோ, பேருந்து நிறுத்தம் வரை அந்தக் குரல் கூடவே வரும். இதில் ஒரு கணக்கையும் நாம் கவனிக்க வேண்டும். இருபத்தாறு வாரங்களில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு எடுத்தவருக்குக் குழந்தை பிறந்த பின் எஞ்சுவது 18 வாரங்களே. அதாவது குழந்தைக்கு நான்கு மாதம் கடந்ததும் பணிக்குத் திரும்ப வேண்டும். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பது மருத்துவ அறிவுரை. ஆகவே அந்த இரண்டு பால் இடைவேளைகளைச் சலுகை என்று எண்ணிக் கேட்கக் கூசாமல், உரிமை என்று அறிந்து பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடியிட்ட பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு வருவதும், அதற்கென ஓர் ஒதுக்கிடத்தை அலுவலகத்தில் கேட்டுப் பெறுவதும் இன்று பல பெண்கள் துணிந்து செய்பவை.

இவையெல்லாம் மாத ஊதியம் பெறுவோர்க்கு. வயலிலும் கட்டடப் பணியிடத்திலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் உழைக்கும் பெரும்பான்மைத் தாய்மாருக்கு நூற்று எண்பத்து மூன்றாம் நாள் என்று ஒன்று இல்லை. சிலருக்கு நாற்பதாம் நாளே வேலைக்குப் போயாக வேண்டும். தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த 1969ஆம் ஆண்டில், தாய்மார் சித்தாள் வேலை செய்ய, கைக்குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதை மீரா மகாதேவன் என்பவர் கண்டார். அங்கேயே ஒரு கூடாரத்தை அடித்துக் குழந்தைகளை அதற்குள் கொண்டுவந்து சேர்த்தார். ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் அமைப்பு அப்படித் தோன்றியது. கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே காப்பகமும் செல்லும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆறாண்டுகளுக்குப் பின், 1975 அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. நாம் இன்று அறிந்த அங்கன்வாடி அதன் விளைவு. ஆயினும் பெரும்பாலான அங்கன்வாடிகள் நண்பகலை ஒட்டி முடிந்துவிடுகின்றன. தாயின் வேலையோ மாலை வரை நீள்கிறது. காப்பகத்தின் நேரம் தாயின் பணி நேரத்தோடு ஒத்துப்போகும் நாளில்தான் இக்குறை தீரும்.

மாலையில் திரும்பும் பயணம் ஒரு தனி உலகம். மும்பைப் புறநகர் ரயிலின் மகளிர் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் வரும் பெண்களைக் காணலாம். வீட்டுக்குள் நுழைந்தால் குழந்தை இரண்டு கைகளையும் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நுழைந்ததும் அன்றைய செய்திகள் கொட்டப்படும். அவற்றில் பாதி நடந்தவை. பாதி நடந்திருக்க வேண்டுமென்று குழந்தை விரும்பியவை. பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் அச்செய்திகள் இரண்டு மூன்று மொழிகளில் வரும். அம்மாவிடம் தமிழ், கீழ்வீட்டுச் சிறுவனிடம் இந்தி, பாலர் பள்ளி ஆசிரியையிடம் ஆங்கிலம் என்று மூன்று வயதுக் குழந்தை ஆள் பார்த்து மொழி மாற்றுவதைக் காணும்போது, மொழிகள் குழம்பிவிடுமோ என்னும் பெற்றோரின் அச்சம் தேவையற்றது என்பது புலப்படும். தமிழ் வினைக்கு இந்தி வால் ஒட்டிக்கொண்டு வந்தாலும் வரட்டும். சிரித்துவிட்டு, சரியான தமிழில் அதையே ஒரு முறை திருப்பிச் சொன்னால் போதும்.

எவருடைய கையொப்பம்?

குழந்தை பிறந்தவுடன் காகிதங்களும் பிறக்கின்றன. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. பெயர் இன்னும் முடிவாகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பெயரின்றிப் பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த நாளுக்கான சான்று பிறப்புச் சான்றிதழே என்பதால் அதில் எழுத்துப் பிழை இல்லாதபடி அன்றே பார்த்துவிடுவது பின்னாளில் பல அலைச்சல்களைத் தவிர்க்கும். குழந்தைக்கு ஆதார் எடுத்திருந்தால், ஐந்து வயது நிறைந்ததும் கைரேகையையும் கருவிழியையும் பதிந்து புதுப்பிக்க வேண்டும்.

இக்காகிதங்களுக்காக இடுப்பில் குழந்தையும் கையில் படிவமுமாக வரிசையில் நிற்பவள் பெரும்பாலும் தாய். ஆனால் படிவத்தின் அடியில் அவளுடைய கையொப்பம் செல்லுமா என்பதே நெடுங்காலம் கேள்வியாக இருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், மைனர் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்று கூறியது. அதே பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்றும் கூறியது. இரவெல்லாம் விழித்திருக்கத் தாய். கையொப்பமிடத் தந்தை என்பதே அதன் பொருள்.

எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் அவருடைய கணவரும் 1984ஆம் ஆண்டின் இறுதியில் தம் மைனர் மகனின் பெயரில் 20,000 ரூபாய்க்கு 9 விழுக்காட்டு நிவாரணப் பத்திரம் கோரி ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தனர். இம்முதலீட்டைப் பொறுத்தவரை தாயே காப்பாளராக இருப்பார் என்று இருவரும் ஒப்பி எழுதியிருந்தனர். விண்ணப்பம் திரும்பி வந்தது: தந்தையின் கையொப்பம் வேண்டும்; இல்லையேல் தாயைக் காப்பாளராக நியமித்த சான்று வேண்டும். தந்தை உயிரோடிருந்து, மனமொப்பி, மனைவியே கையொப்பமிடட்டும் என்று எழுதிக் கொடுத்தபின்பும் இந்த நிலை. இருவரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். தீர்ப்பு 1999 பிப்ரவரி 17 அன்று வந்தது. ‘அவருக்குப் பின்’ என்றால் அவருடைய வாழ்நாளுக்குப் பின் என்று மட்டும் பொருளாகாது. தந்தை குழந்தையின் பொறுப்பை ஏற்காத நிலையிலும், தொலைவாலோ நோயாலோ இயலாத நிலையிலும், இருவரும் தமக்குள் ஒப்புக்கொண்ட நிலையிலும் தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று நீதிமன்றம் விளக்கியது. சட்டத்தின் சொல் மாறவில்லை; அதைப் படிக்கும் முறை மாறியது. பத்திரத்துக்கு விண்ணப்பித்தபோது சிறுவனாக இருந்த மகன் அதற்குள் எவ்வளவோ வளர்ந்திருப்பான்.

வைப்புக் கணக்குகளைப் பொறுத்தவரை வங்கிகளுக்கு இதற்கும் முன்பே வழி திறந்திருந்தது. தாயைக் காப்பாளராகக் கொண்டு மைனர்களுக்குக் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி 1976ஆம் ஆண்டிலேயே அனுமதி அளித்தது. கணக்கில் மிகைப்பற்று ஏற்படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதற்கு இட்ட நிபந்தனை. 2025 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறையிலும் தாய் காப்பாளராகலாம் என்பதை வெளிப்படையாகவே குறித்துள்ளது. வருமான வரித்துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போது, தாய் மட்டுமே பெற்றோராக இருக்கும் நிலையில் தந்தை பெயரைக் குறிக்க வேண்டியதில்லை என்னும் விதி 2018 டிசம்பர் 5 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே, ‘உங்கள் கணவரை அழைத்து வாருங்கள்’ என்று எந்த முகப்பிலேனும் எவரேனும் சொன்னால், எந்த விதியின்படி என்று அமைதியாகக் கேட்கலாம்.

சேமிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வங்கி இதழுக்கு அழகன்று. பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறைவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய். அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து ஆண்டுகள் செலுத்தினால் போதும். கணக்கு தொடங்கி இருபத்தொரு ஆண்டுகளில் முதிர்வடையும். தகுதியுள்ள தாய்மாருக்குப் பிரதமரின் தாய்மை நலத் திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயும், இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 ரூபாயும் அவர்களுடைய கணக்கிலேயே நேரடியாக வரவு வைக்கப்படுகின்றன. கர்ப்ப காலத்திலேயே தாயின் பெயரில் தனிக் கணக்கு இருத்தல் இதற்காகவேனும் தேவை.

நம் அனுபவத்தில் காணும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். குழந்தையின் பெயரில் சேமிக்கத் தொடங்கும் ஆர்வத்தில் தாய்மார் பலர் தம் பெயரில் சேமிப்பதை நிறுத்திவிடுகின்றனர். பணியிலிருந்து விலகும் ஆண்டுகளில் தொடர் வைப்பு நின்றுவிடும். காப்பீட்டுத் தவணை தவறும். குழந்தைக்கு ஐந்நூறு ரூபாய் போட்டால் தாயின் கணக்கிலும் ஐந்நூறு போடுவது என்று கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கணவரின் வைப்புகளில் வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மைனர் குழந்தையை நியமித்திருந்தால், அக்குழந்தையின் சார்பில் தொகையைப் பெறுவதற்கு வயதுவந்த ஒருவரின் பெயரையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும். திருமணத்துக்கு முன் எழுதிய படிவத்தில் இன்னும் தாயார் பெயரோ தம்பி பெயரோ இருப்பதை எத்தனையோ பேர் மறந்திருக்கிறார்கள்.

தாயின் கையொப்பத்தில் நடந்துவந்த கணக்கைப் பத்து வயது நிறைந்த சிறுவரும் சிறுமியரும், வங்கி விதிக்கும் வரம்புக்கு உட்பட்டு, தாமே இயக்கத் தொடங்கலாம். நேற்று வரை சுவரில் எழுதிய கை இன்று படிவத்தில் எழுத வருகிறது. முதல் கையொப்பம் அனேகமாகக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. முழுப் பெயரையும் முத்து முத்தாக எழுதி, கடைசி எழுத்துக்கு இடமின்றி அதைக் கீழே இறக்கிவிடுவார்கள். மறுமுறை கேட்டால் வேறு விதமாக இடுவார்கள். வீட்டில் ஒரு வெற்றுத்தாளில் நாலைந்து முறை போட்டுப் பழகிவிட்டு வரச் சொல்லுங்கள். பேனாவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்திருங்கள்.